காட்டியதும் கொடுத்ததும்

நிரல் எழுதக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுவார்கள் என்று எனக்கு ஓரளவு தெரியும். இஃப், எல்ஸ் சீக்கிரமே பிடிபட்டுவிடும். ஃபார் லூப் நாலு நாள் மிரட்டிவிட்டு அடங்கிவிடும். ஃபங்ஷன் வந்ததும்தான் முகம் வாடும். உள்ளே வைத்த வேரியபிள் வெளியே ஏன் தெரியவில்லை, வெளியே இருப்பதை உள்ளிருந்து தொட்டால் ஏன் திட்டுகிறது, கணக்கெல்லாம் சரியாகப் போட்டும் விடை ஏன் கைக்கு வரவில்லை: கேட்கிற கேள்வி அநேகமாக இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்.

நான் வேலைக்காலம் முழுவதும் கோபோல் மொழியில் சம்பளப் பட்டியலும் பென்ஷன் கணக்கும் எழுதியவன். ஓய்வுபெற்ற பிறகு சாயங்கால வேளைகளில் தெருப் பிள்ளைகள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். அவர்கள் படிப்பது பைத்தான். மொழி மாறிவிட்டது, தடுக்கும் கல் அதேதான்.

பொறியியல் முதலாண்டு படிக்கும் பெண் ஒருத்தி, ஐந்து பாட மதிப்பெண்களைக் கொடுத்தால் மொத்தம் சொல்லும் ஃபங்ஷன் எழுதிக்கொண்டு வந்தாள். ஓடவிட்டாள். திரையில் 390 என்று வந்தது. அடுத்த வரியில், அந்த மொத்தத்தோடு கருணை மதிப்பெண் 5 சேர்க்கச் சொல்லியிருந்தாள். அங்கே 'டைப் எரர்' என்று நின்றுவிட்டது.

"தாத்தா, 390 வந்துடுச்சே, நீங்களும் பாத்தீங்கல்ல? அப்புறம் ஏன் ஒண்ணுமே இல்லாததோட அஞ்சைக் கூட்ட முடியாதுங்குது?"

"நீ அதைக் காட்டச் சொல்லியிருக்கே. குடுக்கச் சொல்லலியே கண்ணு."

அவள் ஃபங்ஷனின் கடைசி வரியில் பிரின்ட் இருந்தது. பிரின்ட் என்பது மனிதக் கண்ணுக்கு. திரையில் எழுத்தைப் போட்டுவிட்டு அது தன் வேலையை முடித்துக்கொள்கிறது. அந்த ஃபங்ஷனைக் கூப்பிட்ட வரியோ நிரலில் இருக்கும் இன்னொரு வரி, அதற்குக் கண் கிடையாது. அதன் கையில் ஏதாவது வைத்தால்தான் அது மேற்கொண்டு கூட்டும், வகுக்கும், வேறொருவருக்கு அனுப்பும். கையில் வைப்பதற்கு ரிட்டர்ன் என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதை எழுதாமல் விட்டால் பைத்தான் சும்மா இருப்பதில்லை. 'நன்' என்ற ஒரு வெறுமையைக் கையில் திணித்து அனுப்பிவிடும். அவள் அந்த அழைப்பையே பிரின்ட்டுக்குள் போட்டிருந்தால் 390 வந்து, அதற்குக் கீழே 'நன்' என்று இன்னொரு வரியும் வந்திருக்கும். முதல் வாரத்தில் அந்த இரண்டாவது வரியைப் பார்த்துத் திகைக்காத மாணவரை நான் கண்டதில்லை.

தையல்காரரிடம் துணி கொடுக்கிறோம், அளவு கொடுக்கிறோம். அவர் சாக்பீஸால் கோடு போடுகிறார், ஊசி குத்துகிறார், ஓரங்களை வெட்டிக் கீழே தள்ளுகிறார். அந்தக் கோடும் துண்டும் நமக்கு வேண்டாம், சட்டைதான் வேண்டும். தைத்து முடித்த சட்டையை ஹாங்கரில் மாட்டி, "பாருங்க சார், காலர் எப்படி உக்காந்திருக்கு" என்று காட்டிவிட்டு, அதைக் கடைக்குள்ளேயே விட்டு ஷட்டரை இழுத்துப் பூட்டிக்கொண்டு அவர் போய்விட்டால்? நாம் பார்த்தோம், அவ்வளவுதான். கல்யாணத்துக்கு எதைப் போட்டுக்கொண்டு போவது?

ஃபங்ஷனுக்குள் போகும் துணியும் அளவும்தான் பாராமீட்டர். சாக்பீஸ் கோடுகள் லோக்கல் வேரியபிள்கள். கையில் வரும் சட்டை ரிட்டர்ன் செய்த மதிப்பு. தமிழிலேயே நிரல் எழுத முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' மொழியில் எழுதிப் பார்த்தால் இப்படி இருக்கும்:

நிரல்பாகம் சுற்றளவு(நீளம், அகலம்)
    கூடுதல் = நீளம் + அகலம்
    பின்கொடு 2*கூடுதல்
முடி

வேலி = சுற்றளவு(10, 4)
பதிப்பி வேலி

திரையில் 28 வரும். கவனிக்க வேண்டியது, பதிப்பி என்கிற வரி வெளியே இருக்கிறது. உள்ளே கணக்கு மட்டும். நாளைக்கு வேலிக் கம்பிக்கு மீட்டருக்கு இவ்வளவு என்று விலை போட வேண்டுமென்றால், 'வேலி' என்ற பெயரில் 28 கையில் இருக்கிறது, பெருக்கிக்கொள்ளலாம். மனைக்குப் பதில் கதவுச் சட்டத்துக்குச் சுற்றளவு வேண்டுமென்றாலும் அதே ஃபங்ஷனை மறுபடி கூப்பிடலாம். அது யாருக்காக, எதற்காகக் கணக்குப் போடுகிறோம் என்று கேட்காது.

காட்டுவதையே கொடுப்பதாக எண்ணிக்கொள்வதை நான் அலுவலகத்தில் அப்பட்டமாகவே பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்தில் ஒரு பிரிவின் கணினி, வரிக்கு 132 எழுத்து கொள்ளும் அகலத் தாளில் மடிமடியாக அறிக்கை அச்சடித்துத் தள்ளும். பார்க்கப் பிரமாதமாக இருக்கும். அதிகாரிகள் தட்டிப் பார்த்துத் தலையசைப்பார்கள். அடுத்த பிரிவில் ஒருவர் உட்கார்ந்து, அடிக்கோலை வரிக்கு வரி நகர்த்தி, அதே எண்களைத் தம் கணினியில் மறுபடி தட்டிக்கொண்டிருப்பார். இரண்டு கணினிகளுக்கும் நடுவே ஒரு மனிதரின் கண்ணும் விரலும். எண் எல்லாம் இருந்தது, ஒன்றும் கை மாறவில்லை. இதை யாரும் குறையாகவே நினைக்கவில்லை, அறிக்கைதான் வந்துவிட்டதே!

வேலை செய்கிறவர்களிலும் இந்த இரண்டு வகை உண்டு. ராப்பகலாக உழைத்ததை எல்லாருக்கும் தெரியும்படி செய்துவிட்டு, அடுத்தவர் எடுத்துத் தொடரக்கூடிய வடிவில் எதையும் ஒப்படைக்காதவர்கள் ஒரு வகை. சத்தமில்லாமல் ஒரு சின்னக் காகிதத்தில், கேட்ட எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் இன்னொரு வகை. பதவி உயர்வு முதல் வகைக்குத்தான் சீக்கிரம் கிடைக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் மாதக் கடைசியில் கணக்கு முடிந்தது இரண்டாம் வகையினரால்.

இனி சாக்பீஸ் கோடுகள். மேலே உள்ள 'கூடுதல்' அந்த ஃபங்ஷன் ஓடும்போது பிறக்கிறது, அது முடிந்ததும் போய்விடுகிறது. பைத்தானில் இதே ஃபங்ஷனை எழுதி, வெளியே வந்து 'கூடுதல்' எவ்வளவு என்று கேட்டால், அப்படி ஒரு பெயரே தெரியாது என்று 'நேம் எரர்' வரும். இதைத்தான் ஸ்கோப் என்கிறார்கள். தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூலில் 'வரையெல்லை' என்ற பெயரில் இதற்கு ஒரு பாடமே இருக்கிறது. ஒரு பெயரைப் பைத்தான் எந்த வரிசையில் தேடும் என்பதை அதில் மனப்பாடம் செய்யச் சொல்வார்கள்: முதலில் ஃபங்ஷனுக்குள், பிறகு அதைச் சூழ்ந்திருக்கும் ஃபங்ஷனில், பிறகு கோப்பின் பொதுவெளியில், கடைசியில் மொழியோடு பிறந்த பெயர்களில். வரிசை மனப்பாடமாகிவிடுகிறது. எதற்காக இந்த எல்லை என்பதை யாரும் சொல்வதில்லை. எல்லையே இல்லாத இடத்தில் வேலை செய்தவனுக்கு அது தெரியும்.

நாங்கள் எழுதிய கோபோலில் வேரியபிள்கள் எல்லாவற்றுக்கும் ஒரே இடம், 'வொர்க்கிங் ஸ்டோரேஜ்'. நிரலின் தலையில் பக்கம் பக்கமாக அறிவிப்போம். கீழே வேலைகளைப் பத்தி பத்தியாகப் பிரித்து, பெர்ஃபார்ம் என்ற கட்டளையால் கூப்பிடுவோம். அந்தப் பத்திகளுக்குப் பாராமீட்டர் கிடையாது, தனக்கென்று வேரியபிளும் கிடையாது, ரிட்டர்ன் செய்யும் மதிப்பும் கிடையாது. எல்லாரும் ஒரே மேஜையில் எடுத்து ஒரே மேஜையில் வைக்க வேண்டும். தனியாக எழுதிய நிரலைக் 'கால்' கட்டளையால் கூப்பிடும்போது மட்டும் 'லிங்கேஜ் செக்ஷன்' வழியாகக் கொடுக்கல் வாங்கல் உண்டு. ஒரே நிரலுக்குள் எல்லாம் பொதுச்சொத்து.

ஒரு முறை அகவிலைப்படி நிலுவை, பன்னிரண்டு மாதத்துக்கு. வெளி லூப் 'ஐ' என்ற எண்ணியை வைத்து 1 முதல் 12 வரை போகிறது. ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு பத்தியைக் கூப்பிடுகிறது. அந்தப் பத்திக்குள் பிடித்தங்களைக் கூட்ட இன்னொரு லூப் சேர்த்திருந்தார்கள். அதுவும் பன்னிரண்டு சுற்று, அதற்கும் எண்ணி அதே 'ஐ'. உள்லூப் முடியும்போது 'ஐ' 13-இல் நிற்கும். வெளி லூப் திரும்பி வந்து ஒன்று கூட்டிப் பார்க்கும், 14. பன்னிரண்டைத் தாண்டிவிட்டது, வேலை முடிந்தது என்று வெளியே போய்விடும். எல்லாருக்கும் முதல் மாத நிலுவை மட்டும் கணக்கில் ஏறியிருந்தது.

எரர் ஒன்றும் வரவில்லை. நிரல் அமைதியாக ஓடி, அமைதியாக முடிந்தது. வெளி லூப்பைத் தனியாகப் படித்தால் குற்றம் இல்லை, உள்லூப்பைத் தனியாகப் படித்தாலும் குற்றம் இல்லை. யார் மேலும் விரல் நீட்ட முடியாத தப்பு அது. பொதுவில் கிடந்த ஒரு பெயரை இரண்டு பேர் நல்லெண்ணத்தோடு தொட்டிருக்கிறார்கள், அவ்வளவே. அதற்குப் பிறகு ஒவ்வொரு பத்தியின் வேரியபிளுக்கும் அந்தப் பத்தியின் எண்ணை முன்னொட்டாக வைப்பது என்று ஒரு வழக்கம் கொண்டுவந்தோம். மொழி தராத சுவரைப் பெயரால் கட்டிக்கொண்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சுவரை மொழிக்குள்ளேயே கட்டலாம் என்று எங்களுக்கு வெகு முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். 1960 ஜனவரியில் பாரிஸில் பதின்மூன்று பேர் கூடி வடிவமைத்த ஆல்கால் 60 என்ற மொழியில், பிகின் - எண்டு என்ற இரண்டு சொற்களுக்கு நடுவே அறிவித்த பெயர் அந்த இரண்டு சொற்களுக்குள்தான் செல்லும். வெளியே அதே பெயர் இருந்தாலும் மோதாது. சி, ஜாவா, பைத்தான் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான், எல்லையை எங்கே போடுவது என்பதில் மட்டும் ஆளுக்கொரு கொள்கை. பைத்தானில் இஃப் கட்டத்துக்கும் ஃபார் லூப்புக்கும் தனி எல்லை கிடையாது, ஃபங்ஷனுக்குத்தான் உண்டு. சி மொழியிலிருந்து வருகிறவர்கள் இதில் ஏமாறுவார்கள். பழைய ஜாவாஸ்கிரிப்டிலோ, அறிவிக்காமல் ஒரு பெயருக்கு மதிப்புக் கொடுத்தால் ஃபங்ஷனுக்குள்ளிருந்தே அது பொதுவெளிக்குப் போய்விடும். யாருக்கு உபகாரம் என்று அப்படி வைத்தார்களோ!

நிலுவை என்றால் அடுத்த மாதம் சரிசெய்துவிடலாம். எல்லா இடத்திலும் அப்படி முடியாது. தெராக்-25 என்பது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தரும் இயந்திரம், கனடாவில் செய்தது. 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்குப் பல மடங்கு கதிர்வீச்சைப் பாய்ச்சியது. சிலர் இறந்தார்கள். அந்தக் கதையை நான்சி லெவ்சன், கிளார்க் டர்னர் இருவரும் 1993-இல் விரிவான கட்டுரையாக எழுதினார்கள். மென்பொருள் படிக்கிற எவரும் ஒரு முறையாவது வாசிக்க வேண்டிய கட்டுரை அது.

இயந்திரத்தின் நிரல் பிடிபி-11 கணினியில் அசெம்பிளி மொழியில் எழுதப்பட்டது. ஒரே நேரத்தில் ஓடும் பல வேலைகள், பொதுவில் வைத்த சில வேரியபிள்கள் வழியாகத்தான் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. அதில் ஒன்று ஒரே பைட் அகலம் கொண்டது. அதன் மதிப்பு சுழியமாக இல்லாவிட்டால், கதிர்வழியில் இருக்க வேண்டிய சாதனம் சரியான இடத்தில் இருக்கிறதா என்று இன்னொரு வேலை சோதித்துப் பார்க்கும். சுழியமென்றால் சோதனை தேவையில்லை என்று பொருள். சோதனை வேண்டும் என்று குறிப்பதற்கு, அந்த வேரியபிளில் ஒரு நிலையான எண்ணை வைத்திருக்கலாம். ஆனால் ஆயத்த நிலையில் ஒவ்வொரு சுற்றிலும் அதோடு ஒன்று கூட்டிக்கொண்டே போனார்கள். ஒரு பைட்டில் 255 வரைதான் கொள்ளும். 256-ஆவது சுற்றில் அது மறுபடி சுழியமாகிவிடும். சரியாக அந்தச் சுற்றில் இயக்குபவர் பொத்தானை அழுத்தினால் சோதனை நடக்காது. 1987 ஜனவரியில் வாஷிங்டன் மாநிலத்து யாக்கிமாவில் நடந்த விபத்துக்கு இதுதான் காரணமென்று கண்டார்கள். பிறகு செய்த திருத்தம் மிகச் சிறியது: ஒன்று கூட்டுவதை விட்டுவிட்டு, சுழியமல்லாத ஒரு நிலையான எண்ணை ஒவ்வொரு முறையும் வைப்பது.

இதைப் பொதுவில் வைத்த வேரியபிள், அதாவது குளோபல் வேரியபிள், ஒன்றினால் மட்டும் நேர்ந்ததாகச் சொன்னால் தப்பு. முந்திய மாதிரிகளில் இருந்த வன்பொருள் பாதுகாப்பை எடுத்துவிட்டார்கள், புகார் வந்தபோது மென்பொருளைச் சந்தேகிக்கவில்லை, இன்னும் பல. ஆனால் எழுதுகிறவர் ஒருவர், படிக்கிறவர் இன்னொருவர், இருவருக்கும் நடுவே 'இதன் பொருள் இன்னது' என்று ஒப்பந்தமில்லாத ஒரு பொது இடம் என்கிற அமைப்பு எனக்குப் பழக்கமான அமைப்பு. அந்தக் கட்டுரையைப் படித்த அன்று எங்கள் 'ஐ' ஞாபகம் வராமல் இல்லை. வில்லியம் வுல்ஃப், மேரி ஷா என்ற இருவர் 1973-இலேயே குளோபல் வேரியபிள் தீங்கானது என்று தலைப்பிலேயே சொல்லி ஒரு கட்டுரை எழுதியிருந்தார்கள். கேட்டவர்கள் கேட்டார்கள்.

என் மகன் கல்யாணமாகித் தனியாகக் குடிபோனபோது, அவன் வீட்டுக்கடன் தவணை எவ்வளவு, கையில் மீதி எவ்வளவு என்று நான் கேட்டுக்கொள்வதில்லை என முடிவு செய்துகொண்டேன். அவன் கேட்டால் தருவேன், அவன் தந்தால் வாங்கிக்கொள்வேன். நடுவில் அவர்கள் வீட்டுக்குள் எப்படிக் கூட்டிக் கழிக்கிறார்கள் என்பது அவர்கள் எல்லைக்குள் இருப்பது. இது கணினியிடம் கற்றது என்று சொன்னால் என் மனைவி சிரிக்கிறாள், "உங்களுக்கு அக்கறை இல்லேன்னு சொல்றதுக்கு இவ்வளவு சுத்தணுமா?" என்கிறாள். அவள் தினமும் போன் செய்து என்ன குழம்பு என்பதுவரை கேட்டுக்கொள்கிறவள். எங்கள் வீட்டில் செய்தி வருவது அந்த வழியில்தான், அதையும் மறைப்பதற்கில்லை.

பைத்தானில் பிள்ளைகளை ரொம்பக் குழப்புவது இன்னொன்று. வெளியே மொத்தம் என்ற வேரியபிளில் 0 வைத்திருப்பார்கள். ஃபங்ஷனுக்குள் அதைப் பிரின்ட் செய்தால் தெரிகிறது. அதே ஃபங்ஷனுக்குள் மொத்தம் = மொத்தம் + 5 என்று எழுதினால் மட்டும் 'அன்பௌண்ட் லோக்கல் எரர்'. பார்க்க விடுகிறது, தொட விடவில்லை என்று புகார். ஃபங்ஷனுக்குள் எந்த இடத்திலாவது ஒரு பெயருக்கு மதிப்பு வைத்தால், அந்த ஃபங்ஷன் முழுவதிலும் அந்தப் பெயர் லோக்கல் என்று ஓடத் தொடங்கும் முன்னரே பைத்தான் முடிவு கட்டிவிடுகிறது. ஆகவே வலப்பக்கத்து மொத்தம் என்பதும் உள்ளே இருக்கும் மொத்தம்தான், அதில் இன்னும் ஒன்றும் வைக்கவில்லை. குளோபல் என்று ஒரு வரி எழுதினால் எரர் போய்விடும். இணையத்தில் தேடினாலும் அதைத்தான் முதலில் சொல்வார்கள். நான் சொல்வதில்லை. பழைய மொத்தத்தைப் பாராமீட்டராக உள்ளே கொடு, புது மொத்தத்தை ரிட்டர்னில் வாங்கு, வெளியே அதை வைத்துக்கொள். எழுத்து இரண்டு கூடும். ஆறு மாதம் கழித்துப் படிக்கும்போது, மொத்தம் எங்கே மாறியது என்று கோப்பு முழுவதும் தேட வேண்டியிராது.

கொடுத்துவிட்டதாலேயே எல்லாம் பத்திரம் என்றும் இல்லை. ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது துணியோடு ஒரு அளவு ஜாக்கெட்டும் கொடுப்பது நம் ஊர் வழக்கம். அதை அளந்து பார்த்துவிட்டு அப்படியே திருப்பித் தர வேண்டும். தையல்காரர் அதையே பிரித்து, புது மாதிரிக்குத் தைத்துவிட்டால்? பைத்தானில் ஒரு பட்டியலை, அதாவது லிஸ்ட்டை, ஃபங்ஷனுக்குக் கொடுக்கும்போது நகல் போவதில்லை, அந்தப் பட்டியலே போகிறது. உள்ளே அதில் ஒன்றைச் சேர்த்தாலோ நீக்கினாலோ வெளியே இருப்பவருடைய பட்டியலும் மாறிவிடும். எண்ணையும் எழுத்துச் சரத்தையும் பிரிக்கவே முடியாது என்பதால் அவற்றில் இந்தப் பயமில்லை.

பட்டியலை வரிசைப்படுத்தும் சார்ட் என்ற கட்டளை அந்த அளவு ஜாக்கெட்டையே பிரித்துத் தைக்கும் வகை. இருக்கும் பட்டியலையே மாற்றிவிட்டு, 'நன்' என்று வெறுங்கையை நீட்டும். மதிப்பெண் பட்டியலை வரிசைப்படுத்தி அதே பெயரில் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று எழுதிய பிள்ளை, பட்டியலையே தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும். இது வேண்டுமென்றே வைத்தது. பழையதைத்தான் மாற்றினேன், புதிதாக எதுவும் தரவில்லை என்பது உனக்கு உறைக்கட்டும் என்றுதான் வெறுமையைத் திருப்பித் தருகிறோம் என்று பைத்தான் ஆவணங்களே சொல்கின்றன. பழையதைத் தொடாமல் புதுப் பட்டியல் வேண்டுமென்றால் சார்ட்டட் என்று தனி ஃபங்ஷன் இருக்கிறது.

திருப்பிக் கொடுப்பதற்கு, யாரிடம் திரும்புவது என்று தெரிய வேண்டும். இன்று இதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. கேம்பிரிட்ஜில் 1949 மே மாதம் எட்சாக் கணினி முதன்முதலாக ஓடியபோது அதில் 'கூப்பிட்ட இடத்துக்குத் திரும்பு' என்று ஒரு கட்டளையே கிடையாது. டேவிட் வீலர் என்ற இளைஞர் ஒரு தந்திரம் செய்தார். கூப்பிடுகிற நிரல் தன் முகவரியைக் கணினியின் கூட்டுப்பெட்டியில் வைத்துவிட்டுத் தாவும். துணைநிரல் வந்ததும் முதல் வேலையாக அந்த முகவரியைக் கொண்டு ஒரு தாவல் கட்டளையைச் செய்து, அதைத் தன் கடைசி வரியில் தானே எழுதிவைத்துக்கொள்ளும். பிறகுதான் தன் கணக்கைத் தொடங்கும். தையல்காரர் துணியை விரிப்பதற்கு முன்பே டெலிவரி சீட்டை எழுதி மாட்டிவிடுகிற மாதிரி. வேலை என்னவாக இருந்தாலும், எங்கே திரும்ப வேண்டும் என்பதை முதலிலேயே தீர்மானித்துவிட்டு உட்கார்வது. எழுபத்தைந்து வருடத்துக்கு மேலாகியும் அந்தத் தந்திரத்தைப் படித்தால் எனக்கு ஒரு சந்தோஷம் வருகிறது.

இதனால்தான் துணைநிரல்களை ஒரு முறை எழுதி, நாடாவில் துளைத்து, பெட்டியில் அடுக்கி, வேண்டியவர் எடுத்துக்கொள்ளும்படி வைக்க முடிந்தது. 1951 வாக்கில் எட்சாக் நூலகத்தில் 87 துணைநிரல்கள் இருந்தன. வீலர் வழியில் ஒரு குறையும் உண்டு. திரும்பும் முகவரி எழுத ஒரே இடம்தான், ஆகவே ஒரு துணைநிரல் தன்னைத்தானே கூப்பிட்டால் பழைய முகவரி அழிந்துவிடும். பழைய ஃபோர்ட்ரானிலும் அந்தத் தொல்லை இருந்தது, தன்னைத்தானே கூப்பிட அதிகாரபூர்வமாக அனுமதி வந்தது ஃபோர்ட்ரான் 90-இல்தான். இப்போதெல்லாம் ஒவ்வொரு அழைப்புக்கும் நினைவகத்தில் தனி அடுக்கு ஒதுக்கப்படுகிறது. திரும்ப வேண்டிய முகவரி, பாராமீட்டர்கள், லோக்கல் வேரியபிள்கள் எல்லாம் அந்த அடுக்கில். வேலை முடிந்ததும் அடுக்கோடு போய்விடும். ஃபங்ஷன் தன்னைத்தானே ஐந்து முறை கூப்பிட்டால் 'கூடுதல்' என்ற பெயரில் ஐந்து தனித்தனி வேரியபிள்கள் இருக்கும், ஒன்று இன்னொன்றைத் தொடாது. பைத்தான் வழக்கமாக ஆயிரம் அடுக்கு வரை பொறுத்துக்கொள்ளும். எங்கள் கோபோலில் இதெல்லாம் கனவு.

ரிட்டர்னைப் பற்றி இன்னும் ஒன்று. அது மதிப்பைக் கொடுப்பதோடு ஃபங்ஷனையும் அங்கேயே முடித்துவிடும். அதற்குக் கீழே என்ன எழுதியிருந்தாலும் ஓடாது. பைத்தானில் ரிட்டர்ன் வரியை ஒரு டேப் உள்ளே தள்ளி ஃபார் லூப்புக்குள் வைத்துவிட்டால், லூப் முதல் சுற்றிலேயே விடையோடு வெளியே வந்துவிடும். பத்துப் பேரின் மதிப்பெண்ணைக் கூட்டச் சொன்னால் முதல் ஆளின் மதிப்பெண் மட்டும் வரும். "ஏன் தாத்தா ஒருத்தரோடது மட்டும் வருது?" என்று கேட்டால் நான் நிரலைப் படிப்பதற்கு முன் அந்த வரியின் இடப்பக்க வெற்றிடத்தைத்தான் பார்ப்பேன். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் வீட்டுவேலை ஒன்று. போன மாதம் எழுதிய ஏதாவது ஒரு நிரலை எடுத்துக்கொள். எல்லா ஃபங்ஷனிலிருந்தும் பிரின்ட் வரிகளை நீக்கு. குளோபல் என்ற சொல் இருந்தால் அதையும் நீக்கு. ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் என்ன உள்ளே போகிறது, என்ன வெளியே வருகிறது என்று ஒரு தாளில் எழுது. பிரின்ட் எல்லாம் நிரலின் கடைசியில், ஒரே இடத்துக்கு வரட்டும். பிறகு அஸர்ட் என்ற கட்டளையை வைத்து, சுற்றளவு(10, 4) 28-தானா என்று கணினியையே கேட்கச் சொல். திரையில் காட்டிவிட்டுப் போகிற ஃபங்ஷனை இப்படிச் சோதிப்பது பெரும்பாடு, கையில் கொடுக்கிற ஃபங்ஷனை ஒரே வரியில் சோதிக்கலாம். பிரின்ட்டை எடுத்ததும் சில ஃபங்ஷன்கள் காலியாகி நிற்கும். மதிப்பெண் அட்டையை அழகாகக் கட்டம் போட்டு அச்சடிப்பதற்கென்றே எழுதியவை அவை. அவற்றில் மட்டும் பிரின்ட்டைத் திருப்பி வைத்துவிடலாம்.